நகல்: தூதரகத்துக்கு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முகவரி மாற்றத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. அடியில் ஏழு பேருக்கு நகல். ஏழாவது ஆள் நான், 'தகவலுக்காக'. அதைத் தட்டச்சு செய்தவர் அன்றிலிருந்து என் தலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: எல்லை கடந்த அடக்குமுறை என்னும் கொடிய நாகம் தன் நச்சுப் பற்களை…

(வேண்டாம். இது பயிற்சி முகாமின் வரவேற்புரை.)

இரண்டாம் தொடக்கம்: மூன்றாம் மாடி அரங்கில் நாற்பது அதிகாரிகள், நாற்பது பேனாக்கள், எழுதுபவை பதினொன்று. (தப்பி வந்து இங்கே பிழைப்பவர்களை, அவர்கள் விட்டு வந்த நாட்டு அரசு இங்கேயும் ஆள் வைத்து மிரட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது என்று ஒரு நாள் பயிற்சி.) பின்வரிசையில் நகலார். எந்தக் கடிதத்துக்கும் நாலைந்து நகல் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் அந்தப் பெயர்.

வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். மனிதர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது உடைந்து விழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். தேறமாட்டார்.

3

பயிற்சி கொடுத்த அம்மா ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னார்: புகார் கொடுத்தவரின் விவரம் எதுவும் அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போகக்கூடாது. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள் (பதினொரு பேர்). நகலார் கடிகாரத்தைப் பார்த்தார்.

நேற்று ஒரு செவிலி அவரிடம் மனு கொடுத்திருந்தாள். விட்டு வந்த நாட்டின் ஆட்கள் வீட்டெதிரே நிற்கிறார்கள் என்று வீடே மாறிவிட்டாள்.

"புது விலாசம் அவங்களுக்குத் தெரியாது சார். எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

நகலார் இன்று காலை, பயிற்சிக்கு வருமுன்பே, அக்கறையாகக் கடிதம் அடித்துத் தபாலில் சேர்த்துவிட்டார், புது விலாசத்தோடு. நகல்: தூதரகம், உண்மைத்தன்மை அறிய.

தபால் வண்டி நாலு மணிக்கு. இப்போது மூன்று ஐம்பது.

4

ஓடினார். அவர் வாழ்நாளில் ஓடியதில்லை. ஆகவே இந்தப் பத்தியில் எனக்கும் மூச்சு வாங்குகிறது. அரங்க வாசலில் மறித்துப் பயிற்சிச் சான்றிதழைத் திணித்து, கைகுலுக்கி, படம் எடுத்த பிறகே விட்டார்கள்.

கீழ்த்தளத்துத் தபால் பிரிவு அக்கா நிமிரவில்லை.

"அக்கா, அந்தத் தூதரக உறையத் திருப்பிக் குடுங்க. தப்பாப் போட்டுட்டேன்."

"பதிவேட்டுல ஏறிட்டா எழுத்துல கேக்கணும் தம்பி. உறை யாருக்கோ, அவங்களுக்கும் ஒரு நகல் போடணும். நீ எழுதிக் கொண்டுவந்த விதிதானே?"

5

முடிவு அ: அக்கா மனமிரங்கி… (மாட்டார். கூடவே இருந்து எழுதியவன் சொல்கிறேன்.)

முடிவு ஆ: மேலிடத்திலிருந்து ஆணை… (வரும். ஏழு நகலோடு, அடுத்த மாதம்.)

முடிவு இ: நகலார் உறையை எடுத்துச் சட்டைக்குள்… இருபத்தாறு வருடத்தில் ஒரு குண்டூசிகூட அனுமதியில்லாமல் எடுத்திராத கை. நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்; அசைய மறுக்கிறது.

என்னால் ஆனது ஒன்றுதான். வண்டிச் சத்தம் கேட்கவைத்து அக்காவைக் கதவு திறக்க அனுப்பிவிட்டேன். திரும்பி வர ஒரு நிமிடம் ஆகும். உறை மேஜையின் இந்த ஓரத்தில், உங்கள் வலது கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது. நகலார் சான்றிதழை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எதையும் பார்க்காதவர் மாதிரி மும்முரமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.