பதினாறுக்குப் பதினாறு

கணவரின் உடலைக் கூடத்தில் இறக்கி வைத்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, கொழுந்தன் அவருடைய அறைக்குள் போய் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து நின்றான். பூவோடு வந்தவர்களுக்கு நாற்காலி காட்டிக்கொண்டிருந்தவள் அதைக் கதவு வழியாகப் பார்த்துவிட்டாள். நேற்று மத்தியானம் அந்த அறையில் மயங்கி விழுந்தவர், விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டிருந்தார். அதற்கெல்லாம் வராத ஆத்திரம் இப்போது அவளுக்கு வந்தது.

அவள் உள்ளே வந்ததும் கொழுந்தன் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண் நிஜமாகவே சிவந்துதான் இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. அந்த மேடம் துக்கம் கேக்க வர்றாங்க. நாப்பது ஐகான் படத்தையும் இன்னைக்குக் குடுக்கிறதா சொல்லியிருந்தேன். பாஸ்வேர்டு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

"மேடம் வரட்டும். பாஸ்வேர்டை நானே போட்டுத் தர்றேன்."

மேடம் என்றது, ஆஸ்பத்திரிகளுக்கான சிறு கருவிகளைச் செய்யும் கம்பெனியின் மேலாளரை. அந்தக் கருவிகளின் உள்ளங்கையகலத் திரைகளில் தெரியும் படங்களையெல்லாம் இருபத்திரண்டு வருடமாக இந்த அறையில் உட்கார்ந்துதான் அவள் கணவர் போட்டார். ஒவ்வொன்றும் பதினாறுக்குப் பதினாறு கட்டம். கட்டம் ஒன்று கறுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் வெள்ளையாக இருக்கும், வேறு நிறம் அந்தத் திரைகளுக்குத் தெரியாது. மணி, பூட்டு, பேட்டரி, இதயம் என்று எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். மவுஸால் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டித் தட்டி வைப்பார். மணிக்கு நாக்கு வைக்க ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வார். வட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் வட்டமாக வரையக் கூடாது என்பார். கேட்க கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் திரையில் பார்த்தால் சரியாக இருக்கும்.

நர்ஸ் கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே பார்ப்பாள், அவளுக்கு ஒரு நொடிதான் உண்டு என்பது அவர் கணக்கு. அதனால் ஒரு படம் முடிந்ததும் மனைவியைக் கூப்பிடுவார். அவள் கையிலிருக்கும் கரண்டியோடு வந்து வாசற்படியில் நிற்க வேண்டும். அங்கிருந்து திரை எட்டடி. "என்ன தெரியுது?" என்பார். அவள் யோசித்தாலே போயிற்று. பதில் வருவதற்குள் அழிக்க ஆரம்பித்துவிடுவார்.

உழைப்பு இவருடையது, பெயர் தம்பியுடையது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அவன் போய்ப் பேசட்டும் என்று இவர்தான் ஆரம்பித்து வைத்தார். பேசிப் பேசியே அவன் வடிவமைப்பாளர் ஆகிவிட்டான். போன வருடம் விருதுகூடக் கொடுத்தார்கள். ஒரு புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன் என்று மேடையில் உருகினான். அப்படிக் கிடந்தவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அவள் தட்டவில்லை. வீடு வந்து சேரும்வரை அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். "விடு, தம்பிதானே" என்றார். அவர் விட்டுவிட்டார். அவளால் ஒரு நாள்கூட விட முடியவில்லை.

மேலாளர் பதினோரு மணிக்கு வந்தார். நல்ல பெண்மணி. உடலுக்கு முன்னால் நின்று கும்பிட்டார், இறந்தவரின் மகள் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

"பாவம். உங்களுக்கு ஃபைலெல்லாம் எடுத்து வைக்கிறது இவர்தான்னு சொல்லியிருக்கீங்க இல்ல?"

கொழுந்தன் தலையை ஆட்டினான். செத்தவரின் காலடியில் நின்றுகொண்டு ஆட்டினான்.

அவளுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். முப்பத்தொன்பது படம் தயாராக இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் பாக்கி, தம்பிக்கு அது இரண்டு நிமிஷ வேலை, கையோடு வாங்கிக்கொண்டு போங்கள் என்றாள். இந்த நேரத்தில் எதற்கு என்று அவர் தயங்கினார். இவர் கைபட்ட வேலை, இவர் உடல் வீட்டில் இருக்கும்போதே முடியட்டும் என்று அவள் சொன்னபோது மறுக்க முடியாமல் வந்தார்.

மகள் அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, இன்னைக்கு வேணாமே."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

பாஸ்வேர்டைப் போட்டதும், அவர் விட்ட இடத்திலேயே திரை விழித்துக்கொண்டது. நாற்பதாவது படம். மருந்து ஏறும் குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் கருவி கத்தும், அப்போது காட்ட வேண்டியது அது. மூன்று நாளாக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் அவள் வாசற்படியிலிருந்து சாவித் துவாரம் என்றாள். மறுநாள் பட்டாணி என்றாள். பட்டாணிக்கு அவரே சிரித்துவிட்டார்.

"உக்காருங்க தம்பி."

"அண்ணி, இப்ப என்னால எப்படி..."

"அவருக்காகப் போடுங்க."

கொழுந்தன் உட்கார்ந்தான். படத்தைத் திரை கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கினான். தேடித் தேடி மிருதுவான பிரஷ் ஒன்றை எடுத்தான். நெற்றியில் வியர்வை கோத்துக்கொள்ள, குமிழியைச் சுற்றி ஐந்து கோடு இழுத்தான். பெரிதாக்கிப் பார்க்கையில் அது நிழலெல்லாம் விழுந்து அழகாகவே இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது.

அவள் மேலாளரை வாசற்படிக்கு அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பிறகு படத்தை நிஜ அளவுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

"என்ன தெரியுது மேடம்?"

மேலாளர் யோசித்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் யோசித்தார். ஒழுகுகிற மூக்கு மாதிரி இருக்கிறது என்று சங்கடத்தோடு சொன்னார். சொல்லிவிட்டுத் திரைக்குக் கிட்டே போனார்.

"இது சாம்பல் நிறமில்லையா? எங்க திரையில கறுப்பும் வெள்ளையும்தானே தெரியும். உங்களுக்குத் தெரியாததா?"

கொழுந்தன் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இத்தனை வருஷமா வந்ததெல்லாம் யார் போட்டது?" என்று மேலாளர் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

அவன் அண்ணியைப் பார்த்தான். துக்கத்தில் கை ஓடவில்லை பாவம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துக்கொள்வான். சின்ன வயதிலிருந்து அவன் மாட்டிக்கொண்டபோதெல்லாம் அண்ணன் சொன்ன வார்த்தைதான் அது. அவள் கதவில் சாய்ந்துகொண்டு அவன் வாயையே பார்த்தாள்.

"அண்ணன்" என்றான்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

மேலாளர் வேறொன்றும் கேட்காமல் வெளியே போனார். மறுபடி உடலுக்கு முன்னால் போய் நின்றார். இந்தத் தடவை வெகுநேரம் நின்றார். நாற்காலியில் இருந்தவன் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

"எந்திரிங்க தம்பி. அது அவர் உக்கார்ற எடம்."

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மனசு குளிர்ந்திருந்தது. செத்த வீட்டில் இப்படிக் குளிரலாமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வாள்.

அவன் இழுத்த அசிங்கம் இன்னும் திரையில் இருந்தது. எப்படி அழிப்பது என்று அவளுக்குத் தெரியும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். கன்ட்ரோல் இசட். அழுத்த அழுத்த ஒவ்வொரு கோடாகப் போயிற்று. ஐந்தும் போய்விட்டன. கை வேகத்தில் ஆறாவது தடவையும் அழுத்திவிட்டாள்.

குமிழிக்கு மேலே இருந்த ஒரு கறுப்புப் புள்ளி மறைந்தது. அது அவர் வைத்தது.

பதறிப்போய் மறுபடி அதையே அழுத்தினாள். புள்ளி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள், போயிற்று. மறுபடி வந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வைத்திருக்கிறார், எடுத்திருக்கிறார், திரும்ப வைத்திருக்கிறார். ஒன்பது தடவை. அந்த ஒரு புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

நேற்று மத்தியானம் அவர் கூப்பிட்டார். கொஞ்சம் வந்து பாரேன் என்றார். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் கொழுந்தன் வந்து இன்னும் முடியவில்லையா என்று அதட்டிவிட்டுப் போயிருந்தான். அந்தக் கோபம் இவர் மேல் திரும்பியது.

"உங்க தம்பியக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அரைமணி கழித்து அவள் போனபோது நாற்காலிக்குக் கீழே கிடந்தார். விழும்வரை அந்தப் புள்ளியைத்தான் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மகள் கதவைத் தட்டினாள். வண்டி வந்துவிட்டது, எடுக்கப் போகிறார்கள் என்றாள். அவள், அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் கன்ட்ரோல் ஒய்யை அழுத்தினாள். புள்ளி வந்தது, போயிற்று, வந்தது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்தினாள். ஒன்பதில் புள்ளி தன் இடத்துக்கு வந்து நின்றது. பத்தாவதை அழுத்தினால் கொழுந்தனின் முதல் கோடு வந்துவிடும். மகள் உள்ளே வந்து தோளைத் தொடும்வரை, விரலை அந்த எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.