இடைவெளிகளையும் சேர்த்து ஐயாயிரம் எழுத்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவள் மார்னி. சொல்ல வைத்தவள் நான். (வரிசையை மாற்றிப் போட்டிருக்க வேண்டுமோ?)

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், சர்க்கரை ஆலைக்கான பீட் கிழங்கு விளையும் ஒரு சிற்றூரில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். இங்குள்ள சிறிய கல்லூரி நூலகத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், ‘எழுத்து உதவி’ என்று பலகை வைத்த மேசை ஒன்று உண்டு. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். வருகிறவர்களின் கட்டுரையில் கமாவைச் சரிசெய்வது வேலை. கமாவோடு நிறுத்திக்கொள்ள எனக்குத் தெரியாது. அதுதான் என் வியாதி.

மார்னி லீபருக்கு வயது இருபத்தொன்பது. முதியோர் இல்லத்தில் உதவியாள். குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், படுக்கையில் திருப்பிப் போடுவாள். அவளுக்குப் பி.ஏ. ஆக வேண்டும்.*

* மந்திரியின் பின்னால் ஃபைலோடு ஓடும் ஆள் உங்கள் நினைவுக்கு வந்திருப்பார். அவர் இல்லை. இது ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்: டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவில் இருந்துகொண்டு, நோயாளியைப் பார்த்து, மருந்து எழுதித் தருகிறவர். எங்கள் ஊரில் டாக்டர் தலை காட்டுவதே அபூர்வம். இருமல் முதல் இதயம் வரை எல்லாம் பி.ஏ.தான். அந்தப் படிப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

2

எப்படித் தொடங்குவது?

“மார்னி பிறந்த அன்று பனிப்புயல் அடித்தது.” வேண்டாம். எனக்கு எப்படித் தெரியும்?

“ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கியவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்?” பரவாயில்லை. ஆனால் அவள் அதே பாடத்தை மறுபடி படித்து பி-பிளஸ் வாங்கிவிட்டாள். அவளுக்கு அநியாயம் செய்கிற தொடக்கம்.

“போன வருடம் ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஆறும் வேண்டாம் என்றன. ஆறாவது பதில் வந்த அன்று அவள்—” இதை முடிக்க மாட்டேன். அன்று என்ன செய்தாள் என்று அவள் சொன்னதில்லை. நான் அழ வைத்தால் வாசகருக்குப் பிடிக்கும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

சரி, ஜூன் மாதத்திலிருந்து தொடங்குகிறேன். அன்று மார்னி வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். ஒரு கையில் இந்த வருட விண்ணப்பத்துக்கான கட்டுரை, இன்னொரு கையில் முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த ரன்ஸா. நூலகத்தில் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டாள். நான் படித்தேன்.

“‘எனக்குச் சின்ன வயசுலேருந்தே மத்தவங்களுக்கு உதவி செய்யப் பிடிக்கும்.’ ஏம்மா, இத தெருமுனையில நிக்கிற போலீஸ்காரனும் எழுதுவானே.”

“ஏன் டீச்சர், மூவாயிரத்தி எண்ணூறு மணி நேரம் வேல பாத்திருக்கேன். கானி பின்னாடியே அறுபது மணி நேரம் நடந்து கத்துக்கிட்டிருக்கேன். அது போதாதா?”

கானி ரைமர் செவ்வாய்க்கிழமைகளில் அந்த இல்லத்துக்கு வரும் பி.ஏ. மார்னிக்குச் சிபாரிசுக் கடிதம் தரச் சம்மதித்த மூவரில் முக்கியமானவள்.

“அதெல்லாம் விண்ணப்பத்துல வேற கட்டத்துல வருது. இந்தக் கட்டத்துல உன்னக் காட்டணும். இடைவெளியையும் சேத்து ஐயாயிரம் எழுத்து. ஒரே ஒரு நோயாளியச் சொல்லு.”

மார்னி மெல்லுவதை நிறுத்தினாள். “வெர்ன். தொண்ணூத்தியொரு வயசு. கிழங்கு வெவசாயி. எங்க எல்லாரையும் கேப்டன்னு கூப்பிடுவாரு. பிப்ரவரியில போயிட்டாரு. சாயங்காலம், சாப்பாட்டு நேரம்.”

“அப்ப நீ கூட இருந்தியா?”

“இருந்தேன். தாழ்வாரத்துல தட்டு—”

“கையப் பிடிச்சிருந்தியா?”

இதைக் கேட்டது நான். அவள் “தட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்ததை வெட்டிவிட்டுக் கேட்டேன். ஜெராக்ஸ் மெஷின் இரண்டு பக்கம் துப்பியது.

“ம்,” என்றாள்.

நான் தாளின் ஓரத்தில் எழுதினேன்: இங்கே தொடங்கு.

3

அதன்பிறகு கட்டுரையின் ஐந்து படிகள். முதல் படியில் கை வெறும் கையாக இருந்தது. இரண்டாவதில் சில்லிட்டது. மூன்றாவதில் வெர்ன் அந்தக் கையை இறுக்கினார். நான்காவதில் “கேப்டன்” என்றார். ஒவ்வொன்றையும் மார்னிதான் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் “இன்னும் கொஞ்சம் கிட்ட போ” என்று ஓரத்தில் எழுதியவள் நான்.

ஐந்தாவது படியில் இருநூற்றுப் பத்து எழுத்து அதிகமாகிவிட்டது. எதை வெட்டலாம் என்று அவள் கேட்டாள். அவள் அத்தனை படியிலும் விடாமல் வைத்திருந்த தாழ்வாரத்தை, சாப்பாட்டுத் தட்டு வண்டியை, நான் வெட்டினேன். இடத்தை அடைக்கிறது என்றேன்.

(குற்றவுணர்வில் என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே திட்டிக்கொள்கிறேன் என்று தோன்றினால் கழித்துக்கொள்ளுங்கள். மார்னியும் பச்சைக் குழந்தை இல்லை.)

4

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சிபாரிசுக் கடிதம் கேட்கும்போது விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும்: இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன். எல்லோரும் டிக் செய்வார்கள். செய்யாவிட்டால் கடிதத்துக்கு மதிப்பில்லை என்று ஒரு நம்பிக்கை. டிக் செய்த பிறகு, எழுதியவரிடம் போய் “என்ன எழுதினீங்க?” என்று கேட்பது மகா அசிங்கம். தன்னைப் பற்றிய மூன்று கடிதங்கள் தனக்கு முன்னால் போய்ச் சேரும், அதில் என்ன இருக்கிறது என்று தனக்கு மட்டும் தெரியாது. மார்னி ஒரு நொடி யோசிக்காமல் டிக் செய்தவள்.

போன செவ்வாய், இல்லத்தின் கார் நிறுத்தத்தில் கானி கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள்: “லெட்டர் அனுப்பியாச்சுடி. வெர்னப் பத்திதான் எழுதியிருக்கேன். நல்லாவே வந்திருக்கு, கவலப்படாத.”

கார் போய்விட்டது. மார்னி நேராக என் மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“டீச்சர், நான் அவரு கையப் பிடிக்கல.”

“என்ன?”

“பிடிச்சது கானி.”

5

அவள் சொன்னதை நான் சொல்கிறேன். என்னால் முடிந்தவரை அழகுபடுத்தாமல்.

பிப்ரவரி. செவ்வாய். மாலை ஐந்து மணி. அன்று மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டியும். இரண்டு உதவியாட்கள் வரவில்லை. மார்னியின் தாழ்வாரத்தில் பதினோரு அறை. தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது வெர்னின் கதவு திறந்திருந்தது. அவர் படுக்கையில் சாய்ந்து, ஒரு கையைத் தூக்கியிருந்தார்.

“கேப்டன்,” என்றார்.

“ரெண்டே நிமிஷம் வெர்ன்,” என்று இரண்டு விரலைக் காட்டிவிட்டு மார்னி வண்டியைத் தள்ளினாள்.

ஏழு பேருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, சுற்றுக்கு வந்திருந்த கானி படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வெர்னின் கை அவள் கைக்குள் இருந்தது. மார்னியைப் பார்த்து, இல்லை என்று தலையை மெல்ல ஆட்டினாள். அவ்வளவுதான்.

“தட்ட கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன் டீச்சர். உள்ள போகல. அவருக்குப் பக்கத்து ரூம் அம்மா, ரொட்டி இன்னும் வரலன்னு கத்திக்கிட்டிருந்தாங்க. அதக் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா இருந்தாள்? இதை வைத்துக்கொண்டிருந்தவளிடமா நான் சில்லிட்ட கையைக் கேட்டு வாங்கினேன்? வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

“அப்ப ஏம்மா ‘ம்’ன்ன?”

“நீங்க கேட்டீங்க. பிடிச்சிருக்கணும்ல, அதான்.” மூக்கைச் சீருடைக் கையில் துடைத்தாள். “இப்ப ஒரு கூத்து என்னன்னா, ஐயாயிரம் எழுத்தையும் அத்தன தடவ படிச்சு, என் கைக்கு ஞாபகம் வந்திருச்சு. அவரு இறுக்குனது. நெகம் பட்டது. நடக்கவே இல்லன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல.”

அன்று மாலையே அவள் வேறொன்று எழுதினாள். தாழ்வாரம், தட்டு வண்டி, இரண்டு விரல். நான் கமாவைக்கூடத் தொடவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து.

6

ஆக, இப்போது இரண்டு கட்டுரைகள். ஒன்றைத்தான் அனுப்ப முடியும். அனுப்பிய பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. இன்று கடைசி நாள்.

கதைக்காரியாக எனக்குக் கிடைக்கும் முடிவுகளைப் பரப்பி வைக்கிறேன்.

முடிவு ஒன்று: பொய்யை அனுப்புகிறாள். கானியின் கடிதம் உண்மையைச் சொல்கிறது. தேர்வுக்குழுவில் யாரோ ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மார்னியின் கதை அதோடு முடிந்தது. அடுத்த வருடமும் கிடையாது.

முடிவு இரண்டு: உண்மையை அனுப்புகிறாள். குழு நெகிழ்ந்துபோய் இடம் கொடுக்கிறது. வெள்ளைக் கோட்டு, கைத்தட்டல். இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது. கூப்பிட்ட கிழவரை விட்டுப் போனவள் என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்கள்.

முடிவு மூன்று: இது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. கானி நல்லவள். மார்னி எப்படியாவது முன்னுக்கு வர வேண்டும் என்று நினைப்பவள். “நல்லாவே வந்திருக்கு” என்றாளே, என்ன அர்த்தம்? பாசத்தில், அந்தக் கையை அவளும் மார்னிக்கே கொடுத்து எழுதியிருந்தால்? அப்போது மார்னி உண்மையை அனுப்பினால் பொய்க்காரி ஆகிறவள் கானி. இருபது வருடம் உழைத்துச் சேர்த்த பெயர்.

முடிவு நான்கு: வெர்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் மூன்றாவதாக ஒரு கட்டுரை. போலீஸ்காரனும் எழுதக்கூடியது. (இதை நான் சொன்னபோது மார்னி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.)

கானியிடமே கேட்டுவிடலாமே என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நானும் சொன்னேன். “டிக் பண்ணிருக்கேன் டீச்சர்,” என்றாள். பொய் எழுதத் துணிந்தவளுக்கு அந்த டிக்கை மீற மனம் வரவில்லை. இந்த மனுஷியை எப்படிப் புரிந்துகொள்வது? இவள் கதாபாத்திரமாக நிற்கவே மாட்டேன் என்கிறாள். எனக்கும் தலை சுற்றுகிறது. எது நியாயம் என்று தெரிந்தவள்போல எழுதிக்கொண்டு வந்தேன், தெரியவில்லை.

7

இதுவரை சொல்லாத ஒன்று. மார்னி இப்போது இந்த நூலகத்தில்தான் இருக்கிறாள். என் மேசையிலிருந்து இருபது அடி தூரம், ஜன்னலோரக் கம்ப்யூட்டர். வெளியே கிழங்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. மணி இரண்டே கால். மூன்று மணிக்கு அவள் வேலைக்குப் போக வேண்டும். அதற்குமுன் அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். திரையில் இரண்டு கட்டுரைகளையும் திறந்து வைத்திருக்கிறாள்.

நான் இந்த மேசையில் உட்கார்ந்து அவளைப் பற்றிய கதைக்கு முடிவு தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பகுதியை இரண்டு முறை அடித்து எழுதிவிட்டேன். கடைசி வரி கைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. வெர்னின் கையையும் இந்த விண்ணப்பத்தின் கட்டத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து, மெல்ல—

சற்று முன் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“டீச்சர், கொஞ்சம் இங்க வந்து பக்கத்துல உக்காருங்களேன்.”

நான் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: “ரெண்டே நிமிஷம் மார்னி.”

விரலைக்கூடக் காட்டியிருக்கிறேன்.

அதைச் சொல்லிவிட்டு, அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் மேலே நான்கு வரியாக எழுதியும்விட்டேன். இப்போது அதைப் படித்துப் பார்க்கிறேன். மார்னி பழையபடி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய ஒரு கை மட்டும் மேசையைவிட்டுக் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. மவுஸை எடுக்கப் போகிறதா, என்னை இன்னொரு முறை கூப்பிடப் போகிறதா, இங்கிருந்து தெரியவில்லை.

அந்தக் கடைசி வரி எனக்கு வேண்டாம். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுந்து போகிறே—