வற்றினால் தெரியும்

காலை பத்தேகாலுக்குப் படகு வந்து சேர்ந்தது. கடல் விளிம்புவரை நிறைந்திருந்தது. நிறைந்துதானே இருக்கும். தீவைச் சுற்றிலும் சேறு. தண்ணீர் ஏறினால்தான் படகு துறைக்கு வரும். வற்றினால்தான் நாற்று கண்ணுக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாகச் சரித்திரமே இல்லை.

தீவுச் சங்கத்தின் செயலாளர் இதை எழுதியும் பார்த்தாள், போனில் சொல்லியும் பார்த்தாள். நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம்.

கரை அரிப்பைத் தடுக்க வடக்கு ஓரத்துச் சேற்றில் அலையாத்தி நாற்று நட்டிருந்தார்கள். நிதி நிறுவனம் முதல் தவணையைத் தந்தது. நட்டது பிழைத்திருப்பதை நேரில் பார்த்த பிறகுதான் அடுத்தது. பார்க்க ஒருவர் வந்தார், பிறகு இன்னொருவர் வந்தார். இருவரும் நிறைகடலைப் பார்த்தார்கள். இருவரும் ‘நாற்றுகள் காணப்படவில்லை’ என்று எழுதினார்கள். படம் எடுத்து அனுப்பினாள். எந்தக் கரையில் எடுத்த படமோ என்று பதில் வந்தது.

அடுத்த தவணை வந்தால் தெற்கு முனையிலும் நடலாம். தெற்கு முனையில் அவள் அண்ணன் வீடு. போன புயலில் சமையலறைச் சுவர் கடலோடு போனது. இந்தத் தடவையும் நடவு இல்லையென்றால் அக்கரைக்குக் குடிபோகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். வீடுகூடப் பார்த்தாயிற்று. அண்ணன் போனால் அண்ணியும் போவாள். அண்ணி போனால் தீவில் சண்டை போடக்கூட அவளுக்கு ஆள் கிடையாது.

“இவர் மூணாவது ஆளு,” என்றாள் அண்ணி, துறையில் நின்றபடி. “இவருக்காவது நீச்சல் தெரியுமா?”

“சும்மா இருங்க அண்ணி.”

“முங்கி எண்ணிட்டுப் போகட்டுமேன்னு சொன்னேன்.”

அதிகாரி பளபளக்கும் பூட்ஸ் போட்டிருந்தார். கும்பிட்டுவிட்டு, “செடி எங்க மேடம்?” என்றார்.

“நீங்க பாத்துட்டிருக்கீங்களே, அதுக்கு அடியில.”

“எப்பத் தெரியும்?”

“மத்தியானத்துக்கு மேல.”

“சாயங்காலம் எனக்கு மீட்டிங் இருக்கே. அதுக்குள்ள திரும்பணும்.” அவர் கரை மேட்டைப் பார்த்தார். “இனிமே அந்த மணல்ல நட்டா என்ன? எப்ப வந்தாலும் தெரியும்.”

“அங்க நட்டா செத்துரும் சார்.”

“அது எனக்கும் தெரியும் மேடம். படத்துல விழுமேன்னு சொன்னேன்.” சொல்லிவிட்டு அவரே கூச்சப்பட்டார்.

நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் ஆத்திரம் தீரத் திட்டியாவது அனுப்பலாம்.

அவள் படகுக்காரரிடம் போனாள். பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் ஊர் அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்திருந்தது.

“மாமா, இன்ஜின் ரிப்பேர்னு சொல்லிருங்க.”

அவசரத்தின் முகம் சுருங்கியது. “என் இன்ஜினையா? நாளைக்கு எவன் ஏறுவான்?”

“பின்ன அவரை எப்படி நிறுத்துறது?”

“பொய் எதுக்கும்மா? நான் சாப்பிட உக்காந்தாப் போதும்.”

உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். மாட்டுக்கு அசைபோடக் கற்றுக்கொடுப்பவர் போல மென்றார். மீனில் முள் எடுத்தார். இல்லாத முள்ளையும் எடுத்தார். அதிகாரி கிட்டே வந்து நின்றபோது, “சாப்பிடும்போது நிக்காதீங்க சார், எனக்குத் தொண்டையில இறங்காது,” என்றார். அதிகாரி மரியாதையாக விலகிப் போனார். அவசரம் கை கழுவி முடித்தபோது படகின் அடி சேற்றில் உட்கார்ந்திருந்தது.

“இனி எப்பக் கிளம்பும்?”

“தண்ணி வரணும் சார். ராத்திரி ஆயிரும்.”

அதிகாரி போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். யாரிடமோ நெடுநேரம் மன்னிப்புக் கேட்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

மத்தியானம் கடல் பின்வாங்கியது. முதலில் நுனிகள் தெரிந்தன. பிறகு இலைகள், பிறகு சேறு பூசிய தண்டுகள். அதிகாரி பூட்ஸைக் கழற்றி, பேன்ட்டை மடித்து இறங்கினார். முதல் அடியிலேயே முழங்கால்வரை போனது. அண்ணி ஒரு கம்பை நீட்டினாள். அவர் குனிந்து ஓர் இலையின் சேற்றை விரலால் துடைத்தார். முகம் மலர்ந்தது.

“இவ்வளவா? நீங்க நட்டதா கணக்குல இருக்கிறது இவ்வளவு இல்லையே.”

“நட்டது வேர் பிடிச்சதும் அலை இங்க அடங்கிருச்சு சார். அடங்கின இடத்துல, மிதந்து வர்ற விதையும் ஒதுங்கி முளைச்சிருச்சு. பாதிக்கு மேல தானா வந்ததுதான்.”

பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. அதிகாரியின் பேனா நின்றது.

“தானா வந்ததா?”

“ஆமா சார். நல்லதுதானே?”

“ரொம்ப நல்லது. ஆனா நட்டதுல எத்தனை பிழைச்சிருக்குன்னுதான் நான் எழுதணும். தானா முளைச்சதைச் சேத்து எழுதினா தணிக்கையில மாட்டிக்குவேன், உங்க தவணையும் நின்னுரும்.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தியில உக்காந்தா எழுப்பியா விடுவோம்?” என்றாள் அண்ணி. “சேத்து எண்ணுங்க சார்.”

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். பேனா மட்டும் அசையவில்லை.

கயிறு பிடித்து வரிசையாக நடுங்கள் என்று நிறுவனம் சொல்லித்தான் இருந்தது. நேர்வரிசையில் நட்டால் அலை சந்து வழி புகுவதுபோல் புகுந்துவிடும் என்று, கலைத்து நடச்சொன்னவள் அவள்தான். இப்போது நட்டதும் தானாக வந்ததும் கலந்து நின்றன. ஒரே இலை, ஒரே சேறு. தெற்கு முனையில் அண்ணன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள்.

அதிகாரி கம்பை ஊன்றி, கால்களைப் பிடுங்கிப் பிடுங்கி அவள் அருகே வந்தார். மிகப் பணிவாகக் கேட்டார்.

“மேடம், இதுல நீங்க நட்டது எதெதுன்னு கொஞ்சம் காட்ட முடியுமா?”