இன்னும் ஒராள்

மத்தியான வெயிலில் பரமேஸ்வரன் அண்ணையின் பழைய பிக்கப் உருத்திரபுரத்து என் கராஜுக்குள் நுழைந்தபோது, அதன் பின்பக்கம் பத்துப் பதினைந்து மூட்டை ஏற்றியதுபோலத் தாழ்ந்திருந்தது. எனக்கு வாய் சும்மா இராது. சீமெந்தோ நெல்லோ என்று கேட்டுக்கொண்டே பின்னால் போய்ப் பார்த்தேன். பின்பெட்டி வெறுமை. ஒரு வைக்கோல் துரும்புகூட இல்லை. அந்த வெயிலிலும் முதுகு சில்லிட்டது, ஏனென்று தெரியவில்லை.

கீழே படுத்துப் பார்த்ததும் என் பயத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. பின் ஸ்பிரிங் சுருள்கள் இரண்டும் களைத்துப்போய் அமுங்கியிருந்தன. வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் நிற்கிறது, ஒருமுறையும் மாற்றவில்லை என்றார் அண்ணை.

"இது பாரத்தில தாழேல்லை அண்ணை. வெறுமையாயும் இப்பிடித்தான் நிக்கும். பாக்கத்தான் பயம்."

அவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். "அப்ப, இன்னும் ஒராள் ஏறியிருந்தா அச்சு முறிஞ்சிருக்காதோ?"

"ஒராள் என்ன, நாலு பேர் ஏறினாலும் முறியாது."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கடைசிச் சண்டை நேரம் முள்ளிவாய்க்கால் பக்கம் இதே பிக்கப்பில் பதினொரு பேரை ஏற்றினாராம். பன்னிரண்டாவதாக ஏறிய பெண்ணை, பின்பக்கம் தாழ்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, அவரே கையைப் பிடித்து இறக்கினாராம். அடுத்த முறை வந்து ஏற்றுவதாகச் சொன்னாராம். திரும்பிப் போக வழி இருக்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை என்றார். அவளையும் ஏற்றியிருந்தால் அச்சு முறிந்து அத்தனை பேரும் போயிருப்போம் என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருடம் மனிதர் நித்திரை கொண்டிருக்கிறார். அதை நான் ஒரே வார்த்தையில் பறித்துவிட்டேன். என் நாக்கை அறுத்தெறியலாம் போலிருந்தது.

புதுச் சுருள்களைப் போட்டு ஜாக்கை இறக்கினேன். பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்து நேராக நின்றது. அண்ணை ஏறிப் புறப்படவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டு வெறும் முற்றத்தைப் பார்த்தார்.

"இடமிருக்கு பிள்ளை. ஏறுங்கோ."

ஜாக்கை எடுத்துக்கொண்டு நான் தள்ளி நின்றேன். ஸ்பிரிங் மெல்ல முனகியது. சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அரை அங்குலம் குறைந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. யாருடைய விரலும் நெரிபடாமல் பார்ப்பவர்போலப் பெட்டியின் விளிம்பைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு, பின்கதவை மெதுவாகச் சாத்தினார்.