படத்து இரத்தம்

மழையில் பாத்திகளில் கிடந்த உப்பெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. அன்றைய கூலி போனதுதான். உப்பளத்துக் கொட்டிலில் ஆட்கள் சுருண்டு கிடக்க, அம்ஜத் முந்தல் சந்தியில் வாங்கிய ஜப்பான் வாள்சண்டைப் படத்தைச் சின்ன டிவியில் போட்டான்.

"பழைய படம் காக்கா. இதுக்கெண்டே பைத்தியம் பிடிச்ச ஆக்கள் உலகம் முழுக்க இருக்காங்க."

"பாஷை விளங்குமா?" என்றார் கொட்டிலில் மூத்தவரான அலியார்.

"வெட்டுறதுக்கு என்னத்துக்கு பாஷை?"

மூலையில் ஸக்கியா பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த காலத்தில் அவளுடைய கணவன் நஜாத் வண்ணாத்திவில்லுக்கு அப்பால் விறகு வெட்டப் போனான். காட்டுக் குடிசையில் வெட்டுண்டு கிடந்தான். யார் செய்தது என்று சண்டை முடிந்த பிறகும் தெரியவில்லை. மையித்தைக் குளிப்பாட்டியவர் அலியார். குளிப்பாட்டுகிறவன் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. கபன் துணியை விலக்கி முகத்தை மட்டும் காட்டி, "நித்திரையிலயே போயிட்டாரு புள்ள, ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உப்புச் சுமந்து பிள்ளைகளை வளர்த்தாள்.

படத்தில் ஒருவன் வாளை வீசினான். குழாய் வெடித்ததுபோல இரத்தம் பீறிட்டுச் சுவரெல்லாம் தெறித்தது. அடுத்தவன் வெறுங்கையால் வாளை மறித்தான். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொட்டிலில் ஒரே விசில், சிரிப்பு.

அலியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விசர்ப் படம். வாள மறிச்சவன்ட கை இப்பிடியா இருக்கும்? விரல்தான் முதல்ல போகும். உள்ளங்கை பிளந்து தோல்ல தொங்கும். துணியால சேர்த்துக் கட்டினாத்தான் கையாத் தெரியும்."

"அத எங்க காக்கா கண்டீங்க, ஜப்பான்லயா?" என்று அம்ஜத் சிரித்தான்.

அலியார் வாயை மூடிக்கொண்டார். பிந்திவிட்டது.

ஸக்கியாவின் கையில் கேத்தல் சரிந்து தேநீர் தரையில் ஓடியது. அடக்கத்தன்று அவள், நஜாத்தின் கையை ஒருதரம் தொட்டுப் பார்க்கவா என்று கெஞ்சிக் கேட்டாள். அவர்தான் கபனை இழுத்து மூடினார்.

"எந்தக் கை காக்கா?"

"நான் சும்மா பொதுவாச் சொன்னன், புள்ள."

"எந்தக் கை?"

அம்ஜத் எட்டிப் படத்தை நிறுத்தினான். கூரைத் தகரத்தில் மழை மட்டும் அடித்தது.

"வலது" என்றார் அலியார்.

அவள் அழவில்லை. அடுப்படியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப முழிச்சிருந்திருக்காரு. கூப்பிட்டிருப்பாரே, காக்கா? யாரையாவது கூப்பிட்டிருப்பாரு."

கண்டதைத்தான் அலியார் மறைத்தார். கேட்காததை என்னவென்று சொல்வது?

ஸக்கியா கேத்தலை நிமிர்த்தி வைத்தாள். சுவரோரம் கிடந்த உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். வாருவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கலங்கிய தண்ணீரை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள்.

"புள்ள!" என்று வாசலில் நின்று கூப்பிட்டார் அலியார். இன்னும் உரத்துக் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை.