ஒன்பதடி உயரத்தில் சாமைக் கொல்லை

1979-ஆம் வருஷம் ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, சுந்தரம்மாளின் ஒன்றரை ஏக்கர் சாமைக் கொல்லை முழங்கால் உயரப் பயிரோடு தரையை விட்டு ஒன்பது அடி மேலே எழும்பி நின்றது. காற்று அடிக்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. வரப்பில் கட்டியிருந்த ஆடு கொஞ்ச தூரம் கயிற்றோடு மேலே போய், முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டதும் கீழே விழுந்து, எழுந்து மேயப் போனது.

காரணம் ஊருக்கே தெரியும். கொல்லைக்கு அடியில் நல்ல கருங்கல் இருந்தது. அதை வெட்டிக்கொள்ளச் செங்கத்து ராஜவேலுவுக்குக் கனிம ஆபீஸ் பத்து வருஷக் குத்தகை கொடுத்திருந்தது. அதே நிலம் விவசாயத்துக்கு மட்டும் என்று நிலத் திட்ட ஆபீஸ் தன் வரைபடத்தில் பச்சை தீட்டி வைத்திருந்தது. இரண்டு ஆபீஸும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கனிமம் மாடியில், திட்டம் கீழே. சுந்தரம்மாள் மலையிலிருந்து பஸ் பிடித்துப் பதினோரு முறை போனாள். கல் எங்களுடையது, பச்சையைப் பற்றிக் கீழே கேள் என்றார்கள் மாடியில். பச்சை எங்களுடையது, கல்லைப் பற்றி மேலே கேள் என்றார்கள் கீழே. பதினோராவது முறை அவள் குமாஸ்தாவின் மேஜை முன்னால் நின்று, "நீங்க மேல போவச் சொல்றீங்க, அவங்க கீழ போவச் சொல்றாங்க. நான் எங்கங்க நிக்கிறது, படிக்கட்டுலயா?" என்று கேட்டாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்தார்.

கடைசியில் சலித்துப்போன ஓர் அதிகாரி உத்தரவு எழுதினார்: மேல்மண் பட்டாதாருக்கு, அடிக்கல் குத்தகைதாருக்கு, இருவரும் ஒருவருக்கொருவர் இடையூறின்றி அனுபவித்துக்கொள்ளவும். அந்தக் காகிதத்தைத் தலையாரி கொல்லையில் நின்று சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் தன் காலடி மண் எழும்புவதைப் பார்த்து, அவசரமாகக் குதித்தார். அந்த உத்தரவை மதித்து நடந்தது நிலம் ஒன்றுதான்.

சுந்தரம்மாள் மூங்கிலில் ஏணி கட்டினாள். மாடு ஏறாது என்பதால் களைக்கொட்டோடு தானே ஏறினாள். அவள் கணவன் தீர்த்தகிரி காவலூரில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறவர்களிடம் காவல் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது ஒரு உயரமே இல்லை என்றார்.

ராஜவேலு ஆட்களைக் கொண்டுவந்து கொல்லைக்கு அடியில் பாறையைத் துளைத்தார். முதல் வெடிக்கே மேலே நிலம் அதிர்ந்து, வேரெல்லாம் ஆட்டம் கண்டது. அடுத்த மாதம் கதிர் பிடித்தபோது ஒவ்வொரு வெடிக்கும் சாமை உதிர்ந்து, கீழே இருந்தவர்களின் தலைப்பாகையில் விழுந்தது. அது அவளுடைய ஒரு வருஷச் சோறு. அன்று மத்தியானம் சுந்தரம்மாள் ஏணியை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு கொல்லை நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்கி வாம்மா," என்றார் ராஜவேலு கீழேயிருந்து. "எனுக்கும் பேப்பர் கீது."

"எனுக்கும் கீதுங்க. நீங்க வெடிங்க, நான் வேணான்னு சொல்லலியே."

"மேல ஆள வெச்சிக்கினு நான் எப்படிம்மா திரி வெக்கிறது?"

அவர் வைக்கவில்லை. ஒன்பது நாள் காத்திருந்தார். அறுப்பு முடியும்வரை கல்லைத் தொடுவதில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் ஏணியை இறக்கினாள். அவர் வாக்குத் தவறவில்லை. அறுத்த கதிர்க்கட்டுகளைக் கயிறு கட்டி இறக்க அவருடைய ஆட்களே கைகொடுத்தார்கள்.

தை மாதம் இருவருக்கும் ஒரே தபாலில் நோட்டீஸ் வந்தது. தரைக்கு ஒன்பதடி மேலே உள்ளது கட்டுமானம், அனுமதி பெறவில்லை, முப்பது நாளில் இடித்துவிடவும் என்று கீழ் ஆபீஸ் சுந்தரம்மாளுக்கு எழுதியிருந்தது. குவாரிக்கு மேலே கூரை இருப்பதால் அது சுரங்கம், வேறு லைசென்ஸ் வேண்டும், அதுவரை வேலை நிறுத்தம் என்று மாடி ஆபீஸ் ராஜவேலுவுக்கு எழுதியிருந்தது. ராஜவேலு இரண்டையும் படித்துக் காட்டிவிட்டு ஒரு கல்மேல் உட்கார்ந்தார். மண்ணை எப்படி இடிப்பது என்று சுந்தரம்மாள் கேட்டாள். மறுநாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். படிக்கட்டில் அவர் மேலேயும் அவள் கீழேயுமாக மூன்று நாள் உட்கார்ந்து, இரண்டு அதிகாரிகளையும் ஒரே ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

திட்ட அதிகாரி ஏணியில் ஏறி, இது நிலம்தான், கட்டடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தரையில் இல்லாத நிலம் தன் வரைபடத்தில் வராது என்றார். கனிம அதிகாரி கீழே நின்று, கூரை தங்களுடையதல்ல என்றார். இருவரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். கையெழுத்து இல்லாததால் இரண்டு நோட்டீஸும் அப்படியே கிடந்தன. இடிக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. ஆறு வருஷம் மனு எழுதிப் பார்த்துவிட்டு, ராஜவேலு குத்தகையைத் திருப்பிக் கொடுத்துப் படவேட்டில் கரும்பு போட்டார். போகிற அன்று தன் இரும்பு ஏணியைச் சுந்தரம்மாளுக்கு விட்டுப்போனார். "மூங்கில் எத்தினி நாளுக்கும்மா தாங்கும்," என்றார். அவள் அவருக்கு ஒரு மரக்கால் சாமை அளந்து கொடுத்தாள்.

குத்தகை போன பிறகும் கொல்லை இறங்கவில்லை. யாரும் இறங்கச் சொல்லி உத்தரவு போடவில்லை. அந்த வருஷம் மலையில் காட்டுப்பன்றி அதிகம்; எல்லார் பயிரையும் உழுது தின்றது, சுந்தரம்மாளுடையதைத் தவிர. பக்கத்துக் கொல்லை அர்ச்சுனன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள், தன் நிலத்துக்கு அடியிலும் கல் இருப்பதாக ஒரு மனு எழுதி மடித்து எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் கீழே போனான்.