கடல் தாண்டுகிறவரிடம் சொல்லாதது

போர்ட் பிளேருக்கு வடக்கே, ரங்கத் என்னும் சிற்றூருக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் அந்த ரப்பர்த் தோட்டம் இருந்தது. உறைந்த ரப்பர்ப் பாலை ஷீட்டுகளாக அழுத்தி, மூங்கில்களில் தொங்கவிட்டு உலர்த்தும் கூடத்தைத் தொழிலாளர் புகைவீடு என்பார்கள். அதன் அடுப்புக்கு மேலே, தீப்பொறி ஷீட்டுகளில் பட்டுவிடாமல் தடுக்க ஓர் இரும்புத் தகடு உண்டு. கடற்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருப்பதை முதலில் கண்டவள், அடுப்புக்கு விறகு தள்ளும் ராணி. மேலாளர் மங்கையர்க்கரசி வெளிநாடு புறப்பட அப்போது ஆறு நாட்களே இருந்தன.

மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தாறு வயது. இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து இத்தீவுகளில் குடியமர்ந்த குடும்பமொன்றில் பிறந்தவர். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் வளர்ந்து படித்து, அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளில் மேலாளரானவர். பல நாட்டுப் பெண் மேலாளர்களுக்காக நெதர்லாந்தில் நடக்கும் மூன்று வாரத் தலைமைப் பயிற்சிக்கு, தீவுகளிலிருந்து தேர்வானவர் அவர் ஒருவரே. லயம் முழுவதும் அச்செய்தியைத் தன் வீட்டுக் கல்யாணம்போலக் கொண்டாடியது.

அம்மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடல் தாண்டப் போகிறவர் காதில் நெருப்பு, சாவு, உடைசல் என்று எதையும் போடமாட்டார்கள். அவர் திரும்பி வந்து கரையில் கால் பதிக்கும்வரை அந்த வாய்க்கட்டு நீடிக்கும். கப்பலில் வந்த தலைமுறை பட்ட பாட்டில் முளைத்த வழக்கம் அது. அதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

தகட்டை மாற்ற அடுப்பை அணைக்க வேண்டும், அதற்கு மேலாளரின் உத்தரவு வேண்டும். ராணி எழுத்தர் அன்பழகனிடம் போய்ச் சொன்னாள். அவரும் லயத்துப் பிள்ளைதான். மேடம் மகிழ்ச்சியாகப் புறப்படுகிற நேரம், வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்றார். ராணிக்கும் அது நியாயமாகவே பட்டது. எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து, கம்பியால் கட்டி ஓட்டையை மூடினாள்.

இதற்கிடையே பயிற்சி நிறுவனம் ஐந்து படிவங்களை அனுப்பியது. மேலாளரின் கீழ் வேலை செய்யும் ஐவர், தம் பெயரைக் குறிப்பிடாமல், அவரைப் பற்றி மனத்தில் உள்ளதை எழுத வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் ராணி உட்பட ஐந்து பெண்களை உட்காரவைத்து, அன்பழகன் ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்தார்.

“இதுல மார்க் கொறஞ்சா அக்காவ பிளேன்ல ஏத்தமாட்டாங்களாண்ணே?” என்று கேட்டாள் தமிழரசி. அவள் பால்வெட்டும் பெண்களில் மூத்தவள்.

“ஏத்துவாங்க. ஆனா அங்க எறக்கிவிடமாட்டாங்க” என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு அடங்கியதும் எல்லாக் கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் போடப்பட்டது. கடைசிக் கேள்வி, மேலாளரிடம் சொல்லத் தயங்கும் செய்தி ஏதேனும் உண்டா என்பது. ராணி சற்று நேரம் தன் கையிலிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்னாள். மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள்.

பழங்கதை ஒன்று உண்டு. வயல் எலிகளின் தலைவன் ஒருமுறை மேட்டுநிலம் பார்க்கப் புறப்பட்டதாம். வளைக்குள் தண்ணீர் கசிவதைக் குடிகள் அதனிடம் சொல்லவில்லையாம். நல்ல பயணத்தில் ஈரமான சொல் எதற்கு என்று எண்ணினவாம். தலைவன் திரும்பி வந்தபோது, ஒரு குடியும் மரியாதை தவறாமல், எல்லாமே மிதந்து வந்து வரவேற்றனவாம்.

நெதர்லாந்தில் ஒன்பதாம் நாள், பயிற்சியாளரான ஒரு வயதான அம்மையார் மங்கையர்க்கரசியைத் தனியே அழைத்து ஐந்து படிவங்களையும் மேசைமேல் பரப்பினார். ஐந்தும் ஒன்றுபோலிருந்தன. இப்படிப்பட்ட தாள்களை அச்சப்படுகிறவர்கள் எழுதுவார்கள், இல்லையேல் அன்பு மிகுந்தவர்கள் எழுதுவார்கள். இரு வகையினரும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்றார். இன்றே அவர்களில் ஒருவரைக் கேளுங்கள் என்றார். மங்கையர்க்கரசிக்கு முகம் சிவந்துவிட்டது. என் மக்களைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தார். ஆயினும் மதிய இடைவேளையில் ராணியைத் தொலைபேசியில் அழைத்தார். புகைவீட்டில் ஏதும் குறையுண்டா என்றே கேட்டார்.

“எல்லாம் நல்லாருக்குக்கா. நீங்க இதப்பத்தி யோசிக்காம சொகமா வந்து சேருங்க.”

அக்குரலில் ஒரு கணத் தயக்கம் இருந்தது. கடல் கடந்த தொலைவு என்று அதை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முற்பகல் கம்பி தளர்ந்து டின் தகடு சரிந்தது. உலர்ந்த ஷீட்டுகள் நொடியில் பற்றின. ராணி உள்ளே வேலை செய்த இருவரையும் வெளியே தள்ளிவிட்டு, எஞ்சிய ஷீட்டுகளை இழுத்துப்போட உள்ளே திரும்பினாள். தீக்காயத்தோடு அவளைப் போர்ட் பிளேருக்குக் கொண்டு சென்ற வண்டி, படகில் ஏறிக் கடக்க வேண்டிய பாராடாங் துறையில் நின்றது. படகு அக்கரையில் இருந்தது. அது இக்கரை சேருமுன் அவள் இறந்துபோனாள்.

பயிற்சியைப் பாதியில் விட்டு மங்கையர்க்கரசி திரும்பியபோது, தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். விசாரணை அறிக்கை ஆயத்தமாக இருந்தது. ராணி அளவுக்கு மீறி விறகு தள்ளியதே விபத்துக்குக் காரணம். முன்னதாக எந்தக் குறையும் தெரிவிக்கப்படவில்லை. சான்றாக ஐந்து படிவங்களின் நகல். மேலாளர் கையெழுத்திட்டால் விஷயம் முடிந்துவிடும்.

அவர் கையெழுத்திடாமல், புகைவீட்டுச் சாம்பலில் கிடந்த ஓட்டைத் தகட்டையும் டின்னையும் பார்த்துவிட்டு லயத்துக்குப் போனார். பெண்கள் எழுந்து நின்றார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கடல் தாண்டப் போறவங்ககிட்ட நெருப்புன்னு எப்பிடிக்கா சொல்றது?” என்றாள் தமிழரசி.

தம் தந்தை சென்னைக்குக் கப்பலேறிய வாரத்தில், தாயின் நோயை அவரிடம் மறைத்த வீட்டில் வளர்ந்தவர் மங்கையர்க்கரசி. ஐந்து தாள்களும் ஒன்றாயிருந்தபோது, அந்த அயல்நாட்டு அம்மையாருக்கு முன்பே அவர் அல்லவா அதைப் படித்திருக்க வேண்டும்?

ராணியின் கணவன் வெள்ளைச்சாமி அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தான். அவன் குரல் உயரவில்லை.

“போட்டுருங்கக்கா. நீங்க போயிட்டா எவன் வருவானோ. அவ இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பா.”

செத்தவள்மேல் பழி விழுந்தாலும், உயிரோடிருக்கிற அக்கா நாற்காலியில் இருக்க வேண்டும். அதுதான் அவர்கள் எல்லோரும் அவரிடம் வேண்டியது. அந்த அன்பைப்போல் கனத்த சுமையை மங்கையர்க்கரசி சுமந்ததில்லை.

மறுநாள் காலை அறிக்கையின் கீழே அவர் தம் கையால் எழுதினார். தகடு துருப்பிடித்திருந்தது. அதைச் சோதிப்பது என் கடமை. பதினான்கு மாதங்களாக நான் புகைவீட்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை. இறந்தவர் மேல் குற்றமில்லை. இளைய அதிகாரி, “சோச் லீஜியே, மேடம்” என்று இந்தியில் மெல்லக் கேட்டுக்கொண்டார். யோசித்தாயிற்று என்று சொல்லி மங்கையர்க்கரசி தாளை நீட்டினார்.

பணியிடை நீக்க உத்தரவு மூன்றாம் நாள் வந்தது. பொறுப்பை ஒப்படைக்குமுன், எரிந்த புகைவீட்டின் முன்னே எல்லோரையும் கூட்டினார். தோட்டத்தில் எங்கெங்கே என்னென்ன குறையுண்டோ ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், புதியவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். அன்பழகன் நோட்டைத் திறந்து காத்திருந்தார். எரிந்த ரப்பரின் நாற்றம் இன்னும் போகவில்லை.

ஏணியில் இரண்டு படி இல்லை என்று ஒருத்தி சொன்னாள். பால் உறையவிடும் ஆசிட் ஜாடிக்கு மூடி இல்லை என்றாள் மற்றொருத்தி. அழுத்தும் உருளையில் கை மாட்டுகிறது என்றது ஒரு குரல்.

வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தபடி பேசினான்.

“நீங்க ஆபீஸ் வேலைக்குப் போனதுக்கப்புறம் எங்ககூட ஒரு நாளும் ஒக்காந்து டீ குடிச்சதில்லக்கா. குடிச்சிருந்தா அவ சொல்லியிருப்பா.”

அன்பழகனின் பேனா நின்றுவிட்டது. அவர் மேலாளரின் முகத்தைப் பார்த்தார்.

“எழுதுங்க அன்பழகன்” என்றார் மங்கையர்க்கரசி.